எஞ்சின் எண்ணெயில் பெட்ரோல்: கண்டறியும் முறைகளும் காரணங்களும்

மோட்டார் வண்டியின் எஞ்சினில் ஊற்றிய எண்ணெய் நாளடைவில் சிறிது குறைவது இயல்பு. அது குறையாமலே இருந்தால் ஓட்டுநர் மகிழ்கிறார், கூடியிருந்தால் வியப்படைகிறார். உண்மையில் இவ்விரு நிலைகளிலும் அவர் கவலை கொள்வதற்கே காரணம் உண்டு. எஞ்சினுக்குள் எண்ணெய் தானாக விளைவதில்லை. அதன் அளவு கூடியிருக்குமானால் வேறொரு திரவம் அதனுடன் கலந்திருக்கிறது என்பதே பொருள். அத்திரவம் ஒன்று தண்ணீராக இருத்தல் வேண்டும். அல்லது எரிபொருளாக இருத்தல் வேண்டும்.

1952-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பட்டது. அதன் பின்னர் நம் நாட்டுக் கிராமப் பாதைகளில் பல்லாண்டுகள் ஓடியது பெட்ரோல் ஜீப். அத்தகைய பழைய வண்டிகள் சில இன்றும் பயிற்சிப் பட்டறைகளிலும் ஆர்வலர் இல்லங்களிலும் ஓடும் நிலையில் பேணப்பட்டு வருகின்றன. நான்கு சிலிண்டர்களும் ஏறத்தாழ 2.2 லிட்டர் கொள்ளளவும் உடைய அதன் எஞ்சின் எளிய அமைப்புடையது. கார்புரேட்டர், பெட்ரோல் பம்பு முதலிய உறுப்புகள் யாவும் கண்ணால் காணவும் கையால் கழற்றவும் தக்கவை. ஆகவே இக்கட்டுரையில் அவ்வண்டியையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம். இங்குக் கூறப்படுபவை கார்புரேட்டரும் இயந்திரப் பெட்ரோல் பம்பும் அமைந்த பிற பழைய கார்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

எண்ணெய்ப் படலமும் அதன் வலிமையும்

எஞ்சின் எண்ணெய் உராய்வைக் குறைக்கிறது என்று பொதுவாகச் சொல்லுகிறோம். அது எவ்வாறு குறைக்கிறது என்பதை 1883-ஆம் ஆண்டில் பீச்சம் டவர் என்னும் ஆங்கிலப் பொறியியலறிஞர் தற்செயலாகக் கண்டார். சுழலும் அச்சைத் தாங்கும் பேரிங்கின் மேற்புறத்தில் அவர் ஒரு துளையிட்டு, அதை மரத்தக்கையால் அடைத்து வைத்தார். அச்சுச் சுழன்றதும் உள்ளிருந்த எண்ணெய் அத்தக்கையை வெளியே தள்ளிவிட்டது. சுழற்சியினால் எண்ணெய் இடுக்கினுள் இழுக்கப்பட்டு, அங்கே பெரும் அழுத்தம் பெற்று, அச்சையே தூக்கித் தாங்குகிறது என்பது இதனால் புலனாயிற்று. 1886-இல் ஆஸ்பர்ன் ரேனால்ட்ஸ் இதற்குக் கணித விளக்கம் அளித்தார்.

கிராங்க் ஷாப்ட்டும் அதன் பேரிங்குகளும் நல்ல நிலையில் ஒன்றையொன்று தொடுவதேயில்லை. இடையிலுள்ள மெல்லிய எண்ணெய்ப் படலமே சுமை முழுவதையும் தாங்குகிறது. அப்படலத்தின் கனம் அச்சின் வேகத்தையும் எண்ணெயின் பிசுக்குத்தன்மையையும் பொறுத்தது. பிசுக்குத்தன்மை குறைந்தால் படலம் மெலியும். ஓர் எல்லைக்குக் கீழே உலோகம் உலோகத்தைத் தொடும். மேட்டுப் பாதையில் பாரத்தோடு மெதுவாக ஏறும் வண்டியில் சுமை மிகுதி, வேகம் குறைவு, எண்ணெயும் சூடேறியிருக்கும். பேரிங் கெடுவதற்கு அதுவே ஏற்ற தருணம்.

பெட்ரோல் எண்ணெயைவிட மிக நீர்த்த பொருள். 30-ஆம் தர எண்ணெயின் பிசுக்குத்தன்மை 40 டிகிரி சென்டிகிரேடில் ஏறத்தாழ 100 சென்டிஸ்டோக்; அதே உஷ்ணநிலையில் பெட்ரோலுக்கு ஒரு சென்டிஸ்டோக்கும் இல்லை. இத்தகைய இரு திரவங்களைக் கலக்கும்போது சாதாரணச் சராசரிக் கணக்குச் செல்லாது. நூற்றுக்கு 5 பங்கு பெட்ரோல் கலந்தால் பிசுக்குத்தன்மையும் நூற்றுக்கு 5 பங்கே குறையும் என்று நினைப்பது தவறு. உண்மையில் அது நான்கில் ஒரு பங்கோ அதற்கு மேலுமோ குறைந்துவிடும். எஞ்சின் சூட்டில், அதாவது 100 டிகிரியில், 30-ஆம் தர எண்ணெய் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக் வரை இருக்கவேண்டும் என்பது விதி. 11 சென்டிஸ்டோக் உள்ள நல்ல எண்ணெயில் 5 சதவிகிதம் பெட்ரோல் கலந்தால் அது அவ்வெல்லைக்குக் கீழிறங்கி 20-ஆம் தர எண்ணெய்போல் ஆகிவிடுகிறது. ஓட்டுநர் ஊற்றியது ஒரு தரம். எஞ்சினில் ஓடுவது வேறொரு தரம்.

அளவுக்கம்பி சொல்வதும் மறைப்பதும்

எண்ணெய்த் தொட்டியில் நான்கு லிட்டர் எண்ணெய் இருப்பதாகக் கொள்வோம். 5 சதவிகிதம் என்பது 200 மில்லி லிட்டர். அளவுக்கம்பியில் காணும் மேல்குறிக்கும் கீழ்க்குறிக்கும் இடையேயுள்ள வேறுபாடு பல வண்டிகளில் சுமார் ஒரு லிட்டராகும். ஆகவே பேரிங்குக்குத் தீங்கு விளைக்கப் போதுமான பெட்ரோல், கம்பியில் ஐந்தில் ஒரு பங்கு இடைவெளியைத்தான் உயர்த்திக் காட்டும். வண்டி சிறிது சரிந்து நின்றாலே இவ்வளவு வேறுபாடு தோன்றிவிடும்.

இதனினும் ஏமாற்றமான நிலை ஒன்றுண்டு. தேய்ந்த எஞ்சின் ஒன்று வாரந்தோறும் 200 மில்லி லிட்டர் எண்ணெயை எரித்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதே வாரத்தில் 200 மில்லி லிட்டர் பெட்ரோல் எண்ணெயில் கலந்தால் அளவுக்கம்பியில் எந்த மாற்றமும் தெரியாது. “எண்ணெயே குடிப்பதில்லை” என்று ஓட்டுநர் பெருமைப்படுவார். வழக்கமாகச் சிறிது எண்ணெய் செலவழிக்கும் எஞ்சின் திடீரென்று செலவழிப்பதை நிறுத்திவிட்டால், எஞ்சின் குணமடைந்துவிட்டது என்று கொள்ளாமல் பெட்ரோல் கலப்பை ஐயுறுவதே அறிவுடைமை.

பெட்ரோல் ஒரே கொதிநிலை உடைய பொருளன்று. ஏறத்தாழ 35 டிகிரியிலிருந்து 210 டிகிரி வரை பல்வேறு உஷ்ணநிலைகளில் ஆவியாகும் பல திரவங்களின் கலவை அது. எஞ்சின் நன்கு சூடேறி நெடுந்தூரம் ஓடும்போது எண்ணெயில் கலந்துள்ள பெட்ரோலின் இலேசான பகுதி ஆவியாகிவிடுகிறது. கனமான பகுதி தங்கிவிடுகிறது. இவ்வுண்மையை இரண்டாம் உலகப் போரின்போது விமானப் படைகள் நன்மைக்கே பயன்படுத்தின. கடுங்குளிர்ப் பிரதேசங்களில் எண்ணெய் இறுகி எஞ்சின் சுழல மறுக்கும் ஆகையால், விமானத்தை நிறுத்துமுன் எண்ணெயில் வேண்டுமென்றே சிறிது பெட்ரோலைக் கலந்து வைப்பர். மறுநாள் எஞ்சின் எளிதில் கிளம்பும். சூடேறியபின் பெட்ரோல் பெரும்பாலும் ஆவியாகி வெளியேறிவிடும்.

ஆனால் இதே செயல் ஜீப்பில் அறியாமல் நிகழும்போது ஆபத்தாக முடியும். ஊருக்குள் குறுகிய தூரம் மட்டுமே ஓடிய வண்டியில் அளவுக்கம்பி ‘நிறைவு’ என்று காட்டுகிறது. அதை நம்பி 200 கிலோமீட்டர் பயணம் புறப்படுகின்றனர். வழியில் பெட்ரோல் ஆவியாகிறது. பயண முடிவில் பார்த்தால் எண்ணெய் கீழ்க்குறிக்கும் கீழே இருக்கிறது. எண்ணெய் ஒழுகிற்று என்று எண்ணி ஒழுக்கைத் தேடுவோர் பலர். உண்மையில் அந்த எண்ணெய் புறப்படும்போதே தொட்டியில் இருந்ததில்லை.

ஆகவே அளவெடுக்கும் முறையில் ஒழுங்கு வேண்டும். வண்டி ஒரே சமதளத்தில் நிற்கவேண்டும். காலையில் எஞ்சினைக் கிளப்புமுன் பார்க்கவேண்டும். கம்பியைத் துடைத்து மீண்டும் செருகி எடுக்கவேண்டும். கண்ட அளவை நாள்தோறும் பயணப் பதிவேட்டில் குறிக்கவேண்டும். ஒரு நாள் அளவு எதையும் நிறுவாது. பத்து நாள் அளவுகளின் வரிசை மிகப் பலவற்றைக் காட்டிக்கொடுக்கும்.

எளிய சோதனைகள்

முதலாவது, முகர்ந்து பார்த்தல். அளவுக்கம்பியின் நுனியை முகர்ந்தால் பெட்ரோல் வாடை வீசக்கூடும். கார்புரேட்டர் வண்டிகளில் பிஸ்டன் வளையங்களைக் கடந்து சிறிது ஆவி எப்போதும் கீழிறங்குவதால், இலேசான வாடை மட்டும் குற்றத்திற்குச் சான்றாகாது. காலையில் ஆறிய நிலையிலும் மூக்கில் ஏறும் வாடை இருந்தால் மேலும் ஆராயவேண்டும். நெடும்பயணத்தின் பின் வாடை இல்லாமற்போவதும் எண்ணெய் தூய்மையானது என்பதற்குச் சான்றன்று. கனமான பகுதி அப்போதும் உள்ளே தங்கியிருக்கலாம். கம்பியின் நுனியில் தீக்குச்சியைக் காட்டி, பற்றுகிறதா என்று பார்க்கும் பழக்கம் சில பட்டறைகளில் உண்டு. அதை எவரும் செய்தலாகாது.

இரண்டாவது, தாள் சோதனை. வேதியியல் வகுப்பில் பயன்படும் வடிதாளில் ஒரு சொட்டு எண்ணெயை விட்டு, சில மணி நேரம் சமநிலையில் வைக்கவேண்டும். நடுவில் கரி படிந்த கரும்புள்ளி தோன்றும். அதைச் சூழ்ந்து எண்ணெய் வளையம் பரவும். எரிபொருள் கலந்திருந்தால் அதற்கும் வெளியே வெளிறிய வளையம் ஒன்று அகலமாகப் பரவக் காணலாம். அதே வகைப் புதிய எண்ணெயின் சொட்டு ஒன்றையும் அருகில் விட்டு ஒப்பிடுவது இன்றியமையாதது. எண்ணெயின் கருநிறம் எரிபொருள் கலப்பைக் குறிப்பதன்று. அது கரியைக் குறிப்பது மட்டுமே.

மூன்றாவது, ஒழுகு நேரச் சோதனை. சோதனைச்சாலைகளில் நெடுங்காலமாகப் பயன்பட்டுவந்த ரெட்வுட் பிசுக்குமானி, 50 மில்லி லிட்டர் எண்ணெய் ஒரு சிறு துளை வழியே ஒழுக எத்தனை விநாடி ஆகிறது என்பதையே அளக்கிறது. இதே தத்துவத்தைப் பள்ளியிலும் கையாளலாம். நான்கு அல்லது ஐந்து மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள குறுகிய காலுடைய புனல் ஒன்றைத் தாங்கியில் நிறுத்துக. காலை விரலால் மூடி, எண்ணெயைக் குறித்த மட்டம் வரை ஊற்றுக. விரலை எடுத்ததும் 50 மில்லி லிட்டர் கீழேயுள்ள அளவுகுவளையில் நிரம்பும் நேரத்தைக் கடிகாரத்தால் அளக்க. எஞ்சினிலிருந்து எடுத்த எண்ணெய்க்கும், அதே வகைப் புதிய எண்ணெய்க்கும் இவ்வாறு மும்மூன்று முறை அளந்து சராசரி காண்க. இரு மாதிரிகளும் ஒரே உஷ்ணநிலையில் இருத்தல் வேண்டும். அதற்காக இரண்டு புட்டிகளையும் அரைமணி நேரம் ஒரே தண்ணீர்த் தொட்டியில் வைத்திருப்பது நன்று. சில டிகிரி வேறுபாடே முடிவைப் பிழையாக்கிவிடும்.

ஆசிரியர்கள் இச்சோதனையை மேலும் ஒரு படி கொண்டுசெல்லலாம். புதிய எண்ணெய் 98 பங்குடன் பெட்ரோல் 2 பங்கு, 95 பங்குடன் 5 பங்கு, 90 பங்குடன் 10 பங்கு எனக் கலவைகள் தயாரித்து, ஒவ்வொன்றின் ஒழுகு நேரத்தையும் வரைபடத்தாளில் குறிக்கலாம். கோடு நேராகச் செல்லாமல் தொடக்கத்திலேயே சரிந்து இறங்குவதை மாணவர்கள் கண்கூடாகக் காண்பர். எஞ்சின் எண்ணெயின் நேரத்தை அவ்வரைபடத்தில் பொருத்தினால் கலப்பின் அளவைத் தோராயமாகக் கூறலாம். இக்கலவைகளைத் திறந்தவெளியில், நெருப்பு ஏதும் அருகில் இல்லாத இடத்தில், ஆசிரியரே தம் கையால் தயாரிக்கவேண்டும்.

இச்சோதனைக்கும் வரம்பு உண்டு. எண்ணெயில் கரி மிகுந்தால் அது கெட்டிப்படும். ஆகவே பெட்ரோலினால் விளைந்த நீர்ப்பு மறைந்துபோகலாம். மற்றொரு புறம், 20டபிள்யூ-50 போன்ற பலதர எண்ணெய்கள் பெட்ரோல் கலக்காமலே ஓட்டத்தினால் சிறிது பிசுக்குத்தன்மை இழக்கும். எனவே வாடை, தாள், ஒழுகு நேரம், அளவுப் பதிவு ஆகிய நான்கும் ஒரே திசையைக் காட்டினாலன்றி முடிவு கட்டலாகாது.

நான்காவது, தண்ணீரை விலக்குதல். எண்ணெயைக் கண்ணாடிப் புட்டியில் ஓரிரவு அசையாமல் வைத்தால் தண்ணீர் அடியில் தங்கும். அல்லது எண்ணெய் பால்போல் வெளுத்துக் காணும். எண்ணெய் ஊற்றும் மூடியின் உட்புறத்தில் வெண்மையான களிம்பு படிந்திருப்பதும் தண்ணீரையே குறிக்கும். பெட்ரோலோ எண்ணெயோடு முற்றிலும் கலந்துவிடும், பிரிந்து நிற்காது.

ஐயம் தீராவிடில் சோதனைச்சாலைக்கு மாதிரி அனுப்பவேண்டும். அங்கே எண்ணெயின் தீப்பற்றுநிலையை அளப்பர். நல்ல எஞ்சின் எண்ணெயின் ஆவி பொதுவாக 200 டிகிரிக்கு மேலேதான் தீப்பற்றும். பெட்ரோலின் ஆவியோ பூஜ்யத்திற்குக் கீழே 40 டிகிரிக் குளிரிலும் பற்றவல்லது. ஆகவே இரண்டு மூன்று சதவிகிதக் கலப்பே எண்ணெயின் தீப்பற்றுநிலையைப் பெரிதும் இறக்கிவிடும். பெட்ரோலியப் பொருள்களைச் சோதிக்கும் முறைகள் ஐ.எஸ். 1448 என்னும் இந்தியத் தர விதியில் பகுதி பகுதியாக வகுக்கப்பட்டுள்ளன. மாதிரியை நெடும்பயணத்திற்கு முன்பே எடுக்கவேண்டும். உலர்ந்த சுத்தமான புட்டியில் ஏறத்தாழ நிரம்ப ஊற்றி இறுக மூடவேண்டும். மூடி தளர்ந்தால் தேடும் பொருளே வழியில் ஆவியாகிவிடும்.

பெட்ரோல் வந்த வழி

எண்ணெயில் பெட்ரோல் இருப்பதைக் கண்டதும் எண்ணெயை மாற்றிவிட்டு அமைதியடைவோர் உண்டு. அது நோயை விட்டு நோயின் அடையாளத்தைத் துடைப்பதற்கு ஒப்பாகும். பெட்ரோல் எவ்வழியாக வந்தது என்று அறியும்வரை வேலை முடிந்ததாகாது. வழிகள் மூன்று.

முதல் வழி பெட்ரோல் பம்பு. ஜீப்பில் பெட்ரோல் டாங்கி ஓட்டுநர் இருக்கையின் கீழே, கார்புரேட்டரைவிடத் தாழ்வாக இருக்கிறது. ஆகவே பெட்ரோலை மேலே தூக்க எஞ்சினின் பக்கவாட்டில் ஒரு பம்பு பொருத்தப்பட்டுள்ளது. கேம் ஷாப்ட்டினால் அசைக்கப்படும் நெம்புகோல் ஒன்று, துணியும் ரப்பரும் சேர்ந்த வட்டமான டயாப்ரத்தை மேலும் கீழும் இழுக்கிறது. டயாப்ரத்தின் மேற்புறத்தில் பெட்ரோல். கீழ்ப்புறம் எஞ்சினின் உட்பகுதியோடு தொடர்புடையது. அந்த மெல்லிய சவ்வு கிழிந்தால் பெட்ரோல் நேரே எண்ணெய்த் தொட்டிக்குச் செல்ல வழி திறந்துவிடுகிறது.

இதை எதிர்பார்த்தே பல பம்புகளின் கீழ்ப்பகுதியில் சிறு துளைகள் அமைத்துள்ளனர். டயாப்ரம் கசியும்போது பெட்ரோல் அத்துளைகளின் வழியாக வெளியே சொட்டி ஓட்டுநரை எச்சரிக்கவேண்டும் என்பதே நோக்கம். புழுதிப் பாதைகளில் ஓடிய வண்டியில் எண்ணெய்ப் பிசுக்கும் மண்ணும் சேர்ந்து அத்துளைகளை அடைத்துவிடுகின்றன. எச்சரிக்கை வெளியே வராமல், பெட்ரோல் உள்ளே இறங்குகிறது. பம்பைச் சுத்தம் செய்து அத்துளைகளை ஒரு கம்பியால் திறந்துவைப்பது, செலவில்லாத பாதுகாப்பாகும்.

பம்பைச் சோதிக்க, அதை எஞ்சினிலிருந்து கழற்றி, நெம்புகோலைக் கையால் பலமுறை அசைத்துப் பெட்ரோலை இழுக்கச் செய்யவேண்டும். கீழ்ப்புறத்தில் ஈரம் தோன்றினால் டயாப்ரம் கெட்டதென்பது உறுதி. எஞ்சினின் பெட்ரோல் செலவு காரணமின்றிக் கூடியிருப்பதும், வேகமாக ஓட்டும்போது பெட்ரோல் போதாமல் எஞ்சின் திணறுவதும் இதற்குத் துணைச் சான்றுகள்.

பழைய டயாப்ரங்களைப் பற்றி இன்று ஒரு புதிய கவலையும் உண்டு. நம் நாட்டில் பெட்ரோலுடன் எத்தனால் கலப்பது படிப்படியாக உயர்ந்து, 2025-ஆம் ஆண்டில் 20 சதவிகிதத்தை எட்டியது. பல்லாண்டுகளுக்கு முன் செய்யப்பட்ட ரப்பர் உறுப்புகள் எத்தனாலைத் தாங்குமாறு அமைக்கப்பட்டவை அல்ல. சில உப்பியும் மிருதுவாகியும் வெடித்தும் கெடுகின்றன. ஆகவே பழைய வண்டிக்குப் புது டயாப்ரம் வாங்கும்போது, அது எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு ஏற்றதா என்று கேட்டு வாங்குதல் வேண்டும். பெட்டியில் நெடுநாள் கிடந்த பழைய இருப்பு, புதிதாகத் தோன்றினாலும் நம்பத்தக்கதன்று.

இரண்டாம் வழி கார்புரேட்டர். அதிலுள்ள மிதவை பெட்ரோலின் மட்டத்தைக் காத்து, ஊசி வால்வை மூடித் திறக்கிறது. மிதவையில் ஓட்டை விழுந்தாலும், ஊசியின் அடியில் தூசி சிக்கினாலும் பெட்ரோல் வழிந்து, உள்ளிழு குழாய் வழியே சிலிண்டருக்குள் இறங்கும்; பிஸ்டன் வளையங்களைக் கடந்து எண்ணெயில் சேரும். எஞ்சினை நிறுத்திய சில நிமிடங்களில் காற்று வடிகட்டியைக் கழற்றி, பகல் வெளிச்சத்தில் கார்புரேட்டரின் வாயை நோக்கினால் சொட்டுவதைக் காணலாம். டாங்கி எஞ்சினுக்கு மேலே அமைந்த மோட்டார் சைக்கிள்களிலும் சில டிராக்டர்களிலும் இது மிகக் கொடியது; குழாயை மூட மறந்தால் இரவு முழுதும் பெட்ரோல் இறங்கிக்கொண்டே இருக்கலாம். சிலிண்டரில் திரவம் நிரம்பிய நிலையில் எஞ்சினைச் சுழற்றினால், திரவம் அமுங்காதாகையால் இணைப்புத் தண்டு வளைந்துவிடும்.

மூன்றாம் வழி எரியாத பெட்ரோல். சோக்கை இழுத்துவிட்டு மறந்து ஓட்டுதல், கார்புரேட்டரில் பெட்ரோல் விகிதம் மிகுந்திருத்தல், ஒரு ஸ்பார்க் பிளக் வேலை செய்யாதிருத்தல் ஆகியவற்றால் சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் தங்கும். அது சிலிண்டர்ச் சுவரிலுள்ள எண்ணெயைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும். பிளக்குகளைக் கழற்றி வரிசையாக வைத்துப் பார்த்தால் இது விளங்கும். நான்கும் கரி படிந்து கருத்திருந்தால் கலவையில் பெட்ரோல் மிகுதி. ஒன்று மட்டும் நனைந்திருந்தால் அந்தச் சிலிண்டரில் தீப்பொறி இல்லை.

எஞ்சின் போதிய சூடு அடையாமையும் இவ்வகையைச் சேர்ந்ததே. வெப்ப நாடாகிய நமக்குத் தெர்மோஸ்டாட் வேண்டியதில்லை என்று கருதிப் பலர் அதைக் கழற்றி எறிந்துவிடுகின்றனர். அதனால் தண்ணீர் எப்போதும் ரேடியேட்டர் வழியே சுற்றி, எஞ்சின் தன் முறையான சூட்டை அடைய நெடுநேரமாகிறது. குறுகிய பயணங்களில் அடைவதேயில்லை. உள்ளே இறங்கிய பெட்ரோல் ஆவியாக வாய்ப்பின்றி நாள்தோறும் சேர்கிறது. சூடுகாட்டி பயணம் முழுதும் தாழ்ந்தே நிற்குமானால், முதலில் தெர்மோஸ்டாட் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும்.

இம்மூன்று வழிகளையும் பிரித்தறிய அளவுப் பதிவேடே சிறந்த துணை. சில நாளிலேயே அளவு மளமளவென்று உயர்ந்தால் பம்பையோ மிதவையையோ ஐயுறுக. பல வாரங்களில் மெல்ல உயர்ந்தால் எரியாத பெட்ரோலையும் குளிர்ந்த ஓட்டத்தையும் ஐயுறுக. வண்டி ஓடும்போது மட்டும் உயர்ந்தால் பம்பும் எரிப்பும் காரணமாகலாம். வண்டி நிற்கும்போதே உயர்ந்தால் கார்புரேட்டரையோ, அல்லது எண்ணெயில் கசியும் தண்ணீரையோ தேடுக. இங்கு ஒரு பிழைக்கு இடமுண்டு. எஞ்சினை நிறுத்தியவுடன் மேற்பகுதிகளிலுள்ள எண்ணெய் இன்னும் தொட்டிக்கு வந்து சேர்ந்திராது. அப்போது எடுத்த அளவைக் காலை அளவோடு ஒப்பிட்டால், இரவில் உயர்ந்ததுபோல் பொய்த்தோற்றம் தரும். ஆகவே மாலை அளவை, நிறுத்தி அரைமணி நேரம் கழித்தே எடுக்கவேண்டும்.

எச்சரிக்கைகள்

பெட்ரோல் கலந்த எண்ணெயினால் பேரிங் மட்டுமன்று, உயிருக்கும் ஆபத்து நேரலாம். காற்றில் நூற்றுக்கு சுமார் 1.4 பங்கு முதல் 7.6 பங்கு வரை பெட்ரோல் ஆவி இருந்தால் அக்கலவை வெடிக்கவல்லது. எண்ணெய்த் தொட்டியின் மூடிய வெளியில் இவ்விகிதம் அமைந்துவிடக்கூடும். வாடை மிகுந்திருந்தால் எஞ்சினைக் கிளப்பலாகாது. பாட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, எண்ணெயை ஆறிய நிலையிலேயே திறந்தவெளியில் வடிக்கவேண்டும். புகைபிடித்தலும், திறந்த தீயுடைய விளக்கும், தீப்பொறி எழும் கருவிகளும் அருகில் ஆகா. வடித்த எண்ணெய் சாதாரணப் பழைய எண்ணெயைவிட எளிதில் தீப்பற்றும். ஆகவே மூடியுள்ள தகரத்தில் வைத்து, அதன்மேல் ‘பெட்ரோல் கலந்தது’ என்று எழுதிவைக்கவேண்டும். அதை மண்ணில் கொட்டுவதும், அடுப்பெரிக்கப் பயன்படுத்துவதும் தவறு. 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகள், பழைய எண்ணெயை அனுமதி பெற்ற மறுசுத்திகரிப்பாளரிடமே சேர்க்க வற்புறுத்துகின்றன.

சீர்செய்த பின்

காரணத்தை நீக்கிய பிறகே புதிய எண்ணெய் ஊற்றவேண்டும். வடிகட்டியையும் உடன் மாற்றவேண்டும். அது பழைய எண்ணெயைத் தன்னுள் வைத்திருக்கும். பின்னர் எண்ணெய் அழுத்தக் காட்டியைக் கவனிக்கவேண்டும். புதிய எண்ணெயுடன், சூடான நிலையில், அழுத்தம் பழைய அளவுக்கு உயர்ந்தால் பேரிங்குகள் தப்பின என்று கருதலாம். உயராவிடில், அல்லது எஞ்சினின் அடியிலிருந்து மந்தமான தட்டல் ஒலி கேட்டால், தொட்டியைக் கழற்றிப் பேரிங்குகளைப் பார்க்கவேண்டும். ஏறத்தாழ 500 கிலோமீட்டர் ஓடியபின் மீண்டும் தாள் சோதனையும் ஒழுகு நேரச் சோதனையும் செய்தால், பழுது உண்மையாகவே நீங்கியதா என்பது தெரிந்துவிடும்.

பழைய வண்டிகளுள் டீசல் எஞ்சின் உடையவை பற்றி ஒரு சொல். டீசல் எண்ணெய் பெட்ரோலைப்போல் எளிதில் ஆவியாவதில்லை. கூர்மையான வாடையும் இல்லை. ஆகவே எண்ணெயில் கலந்தால் அங்கேயே தங்கிவிடும், மூக்கு உதவாது. அங்கே அளவுப் பதிவும் ஒழுகு நேரமுமே நம்பத்தக்கவை. கசியும் இன்ஜெக்டர், எரிபொருள் பம்பு ஆகியவற்றை முதலில் ஆராய்தல் வேண்டும்.

இச்சோதனைகள் எவற்றுக்கும் விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. ஒரு புனல், ஒரு கடிகாரம், சில வடிதாள்கள், பயணப் பதிவேட்டில் ‘எண்ணெய் அளவு’ என்று கோடிட்ட ஒரு பத்தி ஆகியவை போதும். இவற்றுள் கடைசியாகக் கூறிய பத்தியே முதன்மையானது. அதை நாள்தோறும் நிரப்பும் ஓட்டுநர், பேரிங் தட்டத் தொடங்குவதற்குப் பல வாரங்கள் முன்பே பெட்ரோல் கலந்ததை அறிந்துகொள்வார்.